பிரேக் திம்மராயனின் முகவரிகள்

ஓசூரில் எங்கள் ரோஜாக் கம்பெனியில் திம்மராயன் என்று ஒருவன் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். ஆனால் சம்பளப் பட்டியலில் அப்படி ஒரு ஆளே கிடையாது. அங்கே ராமப்பன் என்றுதான் இருக்கும். ராமப்பன் திம்மராயனுடைய தம்பி. அவன் பாட்டுக்கு ஜூஜுவாடியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். தன் பேரில் அண்ணன் சம்பளம் வாங்குவதைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. கேட்டால், "எம்பேரு சும்மாதான கெடக்குது, அண்ணன் வெச்சிக்கட்டும்" என்பான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் கான்ட்ராக்டில்தான் ஆள் எடுப்பார்கள். இத்தனை நாள் விடாமல் வேலை செய்துவிட்டால் நிரந்தரமாக்கு என்று சட்டம் கேட்கும். அந்த நாள் கிட்டே வரும்போது "ஒனக்கு பிரேக்குப்பா" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே ஆள் வேறு கான்ட்ராக்டர் மூலமாக, வேறு டோக்கனோடு, முடிந்தால் வேறு பேரோடு, அதே கேட்டில் நுழைவான். காகிதத்தைப் பொறுத்தவரை அவன் புது ஆள். மேனேஜருக்கும் தெரியும், கான்ட்ராக்டருக்கும் தெரியும், கேட்டுக்கு வெளியே பஜ்ஜி போடுகிற பாப்பம்மாவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி எல்லோரும் நடந்துகொள்வோம்.

திம்மராயன் இப்படிப் போகாத கேட் இல்லை. ஐடிஐ படித்த எலக்ட்ரீஷியன். எங்கே போனாலும் நன்றாக வேலை செய்வான், எங்கே போனாலும் பிரேக் வாங்குவான். அதனால் பேரே பிரேக் திம்மராயன் ஆகிவிட்டது. வேலையில்லாத நாட்களில் கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் தீர்த்தகிரி என்பவர் வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்துகொள்வான். அங்கே யுபிஎஸ் ரிப்பேர் பார்த்துக் கொடுத்துவிட்டு, ஃபீஸ் கட்டாமல் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டான். எங்கள் கம்பெனிக்கு முதல் தடவை எலக்ட்ரீஷியனாக வந்தவன், பிரேக் முடிந்து இரண்டாம் தடவை தம்பி பேரில் வந்தபோது கம்ப்யூட்டர் ஆபரேட்டராக வந்தான்.

என் கதையைக் கேட்க யாரும் வரவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் ராஜாத்தி, டிஸ்பாட்ச் இன்சார்ஜ். ரோஜாவைத் தண்டு நீளம் பார்த்துப் பிரித்து, பெட்டி கட்டி, பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏற்றும் வரை என் பொறுப்பு. எனக்கு வாய் அதிகம் என்று சொல்வார்கள். பேக்கிங் ஷெட்டில் அத்தனை பெண்களைக் கட்டி மேய்க்கிறவளுக்கு வாய் இல்லாமல் முடியுமா? கம்ப்யூட்டரை என் கோல்டு ரூமுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார்கள், அங்கேதான் ஏசி இருந்தது. அதனால் திம்மராயன் செய்த கூத்தெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

எங்கள் முதலாளி கிருஷ்ணப்பன் பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம். ராகியும் நிலக்கடலையும் போட்டுக்கொண்டிருந்த காட்டில் பிளாஸ்டிக் கொட்டகை போட்டு ரோஜா வளர்த்தவர். பூ ஹாலந்துக்குப் போகும். அங்கே பெரிய ஏலக்கூடம். அன்றைக்கு என்ன விலை போனது என்று ஏஜென்ட் மறுநாள் ஃபேக்ஸ் அனுப்புவான். எப்போது பார்த்தாலும் "மார்க்கெட் டவுன்" என்றே எழுதுவான். முதலாளிக்கு வயிறு எரியும். "நம்ம பூவு போற அன்னிக்கு மட்டும் மார்க்கெட்டு படுத்துக்குமா? என் கண்ணால பாக்கணும்" என்று சொல்லி, பெங்களூரிலிருந்து இன்டர்நெட்டுக்குத் தனி லைன் இழுத்தார். அது தொண்ணூற்றெட்டுக் கடைசி. ஓசூரில் பாதிப் பேருக்கு அந்தச் சொல்லே தெரியாது.

ஏலக்கூடத்துக்காரர்கள் விலையை இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ரகவாரியாக, தண்டு நீளவாரியாக, நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்து எழுத முடியாது. திம்மராயன் ஒரு புரோகிராம் எழுதினான். அது தானாகப் போய் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, அட்டவணையாகப் போட்டு வைக்கும். முதலாளி அதைப் பார்த்து, பூவை விமானத்தில் அனுப்புவதா, பெங்களூரிலேயே தள்ளிவிடுவதா என்று முடிவு செய்வார்.

முதல் அட்டவணை வந்த அன்றைக்கு முதலாளி நல்ல குஷியில் இருந்தார். "லேய் திம்மராயா, பிப்ரவரி சீசன் முடியற வரைக்கும் தெனம் வெல வரணும். வந்துச்சின்னா உன்னப் பர்மனெண்ட் பண்றன். உன் பேர்லயே" என்றார்.

திம்மராயன் அப்போது தலையை மட்டும் ஆட்டினான். முதலாளி போன பிறகு என்னிடம் வந்து நின்றான். அவன் மனைவி செல்லி மாசமாக இருந்தாள். தொழிலாளர் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கிற இஎஸ்ஐ அட்டை ராமப்பன் பேரில் இருந்தது. ராமப்பனுக்கோ கல்யாணமே ஆகவில்லை.

"நீ சொல்லுக்கா. செல்லியக் கூட்டிக்கினு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போறது? பொறக்கற கொழந்தைக்கு அப்பன் யாருன்னு கேட்டா ராமப்பன்னு எழுதச் சொல்றதா?" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அப்புறம்தான் எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் வரைக்கும் எனக்கு மனசே சரியில்லை.

இந்தப் பர்மனெண்ட் ஆசையில்தான் எல்லா வம்பும் வந்தது. ஒரு விலைகூடத் தவறிவிடக்கூடாது என்று, புரோகிராமை மூச்சு விடாமல் கேட்கும்படி முடுக்கிவிட்டான். சில நாள் நன்றாகத்தான் ஓடியது. ஒரு காலை திரையில் விலையே வரவில்லை. 'உங்கள் முகவரிக்கு அனுமதி இல்லை' என்று ஒரு வரி மட்டும் வந்தது.

முதலாளி ஓடி வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வரும். "ஏமிரா இதி! முகவரின்னா என்னா முகவரி? நம்ம டோர் நம்பர் அவனுக்கு எப்டித் தெரியும்?"

"டோர் நம்பர் இல்ல சார். நம்ம கம்ப்யூட்டருக்குன்னு ஒரு நம்பர் இருக்குது. நாம எதக் கேட்டாலும் அந்த நம்பரும் கூடவே போவும். பதில் எங்க அனுப்பறதுன்னு அவுங்களுக்குத் தெரியணுமில்ல? நம்ம மெஷினு சும்மா சும்மா போயி கேக்குது, அவுங்க மெஷினு தெணறுது. அதான் இந்த நம்பர்லருந்து யாரு வந்தாலும் உள்ள உடாதன்னு சொல்லி வெச்சிட்டாங்க."

"இப்ப என்னாத்த பண்றது?"

திம்மராயன் கொஞ்சம் தலையைச் சொறிந்தான். "வேற ஆளு மூலமா கேக்கலாம் சார். நம்ம மெஷினு நேரா போவாது. அத்திப்பள்ளியில தீர்த்தகிரியண்ணன் மெஷின்கிட்டச் சொல்லும். அது போயி கேட்டு வாங்கிக்கினு வந்து நமக்குக் குடுக்கும். ஆலந்துக்காரனுக்கு அந்த மெஷின் நம்பர்தான் தெரியும். நாம இருக்கறதே தெரியாது."

முதலாளி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, நம்ம பிரேக்கு மாதிரி! அதே ஆளு, கான்ட்ராக்டர் மட்டும் வேற!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யாரிடம் எதைச் சொல்லிச் சிரிக்கிறார் இந்த மனுஷன்! திம்மராயன் என்னைப் பார்த்து, விடு அக்கா என்பது போலக் கண்ணைக் காட்டினான். நான் ஒரு பெட்டி ரோஜாவைத் தூக்கி டம்மென்று வைத்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

தீர்த்தகிரியின் கம்ப்யூட்டர் போன் லைனில் ஓடுவது. லைன் அறுந்து மறுபடி சேரும்போதெல்லாம் அதன் நம்பர் மாறிவிடும். மாறினதும் அவர் போன் செய்து புது நம்பரைச் சொல்வார். மனுஷருக்கு எண்கள் கன்னடத்தில்தான் வாயில் வரும். திம்மராயன் காதில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு "நிதானவாகி ஹேளண்ணா", மெதுவாகச் சொல்லண்ணா, என்று கெஞ்சிக்கொண்டே தட்டுவான். ஒரு தடவை லைன் கொரகொரவென்று இருந்ததால், நான் எழுதி எழுதிக் காட்ட, அவன் தட்டினான். பூ பேக்கிங் செய்ய வந்தவளுக்கு இதெல்லாம் தலையெழுத்து.

விலை வந்தது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். பாப்பம்மா கடையிலிருந்து பஜ்ஜி வரவழைத்தார் முதலாளி. பஜ்ஜி ஆறுவதற்குள் விலை நின்றுவிட்டது. இந்தத் தடவை 'அனுமதி இல்லை' என்பது தீர்த்தகிரியின் மெஷினுக்கு. லைனை அறுத்துப் புது நம்பர் வாங்கியும் பலிக்கவில்லை.

சரி, இன்னொரு ஆள் பார்ப்போம் என்று கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த திம்மராயனின் பழைய கூட்டாளி மூலமாகக் கேட்டார்கள். அரை மணி நேரம் ஓடியிருக்கும். அதையும் அடைத்துவிட்டார்கள். குருபரப்பள்ளியில் ஒரு கிரானைட் கம்பெனியில் கம்ப்யூட்டர் இருந்தது. அதையும் கேட்டுப் பார்த்தார்கள். அது சோற்றில் கை வைப்பதற்குள் போய்விட்டது. மந்திரம் போட்ட மாதிரி எந்த வழியாகப் போனாலும் ஹாலந்துக்காரன் கண்டுபிடித்துவிட்டான். பிப்ரவரி வேறு பிறந்துவிட்டது. காதலர் தினத்துக்குப் பூ கேட்டு ஐரோப்பா முழுக்க அடித்துக்கொள்கிற நேரம். எங்கள் முதலாளியோ மறுபடி ஏஜென்ட்டின் ஃபேக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். "நாளைக்குள்ள வெல வர்ல, நீ வீட்டப் பாத்து நட" என்று திம்மராயனிடம் சொல்லிவிட்டுப் போனார். அவன் முகம் செத்துப்போய்விட்டது.

அன்றைக்கு மத்தியானம் கம்பெனி முகவரிக்கு ஹாலந்திலிருந்து ஒரு மெயில் வந்தது. ஏலக்கூடத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற ஆள் எழுதியிருந்தான். திம்மராயன் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்து எனக்குச் சொன்னான். 'நான்கு ஊர்களிலிருந்து வேறு வேறு முகவரிகளில் வருகிறீர்கள். ஆனால் எல்லாவற்றிலும் ஸ்ரீ மாரம்மா துணை என்று ஒரு பேர் இருக்கிறது. முதலில் வந்த முகவரி உங்கள் கம்பெனியுடையது. உங்கள் கம்பெனியில் ஸ்ரீ மாரம்மா துணை என்பவர் யார்? அவர் என் மெஷினைக் கொல்கிறார்.'

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மன் பேரு அங்க எப்பிட்றா போச்சி?" என்றேன்.

திம்மராயன் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டான். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் புரோகிராம் முதலில் தன் பேரைச் சொல்லவேண்டுமாம். அதற்கென்று ஒரு வரி உண்டாம். அந்த வரியில் என்ன எழுதுவது என்று அவன் யோசிக்கவே இல்லை. முதல் வரி என்று வந்ததும் கை தானாக ஸ்ரீ மாரம்மா துணை என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையானாலும் மளிகைச் சீட்டானாலும் லாரி நெற்றியானாலும் நாங்கள் அப்படித்தானே ஆரம்பிப்போம்? அம்மன் பேர் போடாமல் புதுக் காரியம் தொடங்குகிறவன் எங்கள் ஊரில் உண்டா? அத்திப்பள்ளி வழியாகப் போனாலும் கிருஷ்ணகிரி வழியாகப் போனாலும், நம்பரை மறைத்துக்கொண்டு மாரம்மா பேரைக் கூவிக்கொண்டே போயிருக்கிறது எங்கள் மெஷின்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஷெட்டில் இருந்த பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முதலாளியிடம் போய்ச் சொன்னான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "பதிலு கிதிலு போடாத. அந்த வரியத் தூக்கிட்டு வேற ஏதாச்சும் வெள்ளக்காரன் பேரப் போடு. இன்னொரு மெஷினப் புடி. நாம யாருன்னு அவனுக்குத் தெரியவே கூடாது" என்றார்.

திம்மராயன் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நம்பரை மறைத்தாகிவிட்டது, இனி பேரையும் மறைத்தால் வேலை முடிந்தது. அவனால் முடியாத காரியமா அது? ஆனால் கை ஓடவில்லை.

"அக்கா, இந்த ஆளு யாருன்னுதான கேக்குறான்? இத்தினி வருசத்துல நீ யாருன்னு என்ன எந்தக் கேட்லயும் கேட்டதில்லக்கா. நான் சொல்லிட்றன்" என்றான்.

"முதலாளிக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரு."

"உரிக்கட்டும். எப்பிடியும் நாளைக்கி வெளியதான?"

அவன் எழுதின பதில் ரொம்பச் சின்னது. இது என் தப்பு, என் புரோகிராம்தான் உங்கள் மெஷினைத் தொந்தரவு செய்தது, நாங்கள் ரோஜா அனுப்புகிறவர்கள், விலை தெரியாமல் கஷ்டப்படுகிறோம், மாரம்மா எங்கள் ஊர் அம்மன், அவள்மேல் கோபப்பட வேண்டாம். கீழே பேர் எழுதும் இடத்தில் பழக்கதோஷத்தில் ராமப்பன் என்று அடித்தான். அடித்துவிட்டு நின்றான். ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். திம்மராயன், ஓசூர் என்று போட்டு அனுப்பிவிட்டான். நான் போய்ப் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. 'திரு. திம்மராயன், நேராகச் சொன்னதற்கு நன்றி. உங்கள் கம்பெனியின் முகவரியை உங்கள் பேரில் திறந்துவிட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்காதீர்கள். இதற்கு நீங்கள்தான் பொறுப்பு. நீங்கள் அங்கிருந்து போவதாக இருந்தால் எனக்குச் சொல்லவேண்டும். மாரம்மாவை எடுக்க வேண்டாம், யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தால் நல்லது.'

விலை வந்தது. நிற்கவே இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்பதே எங்களுக்குத் தாராளம். முதலாளி ஏஜென்ட்டைப் போனில் பிடித்து அவன் சொன்ன விலையையும் உண்மையான விலையையும் சொல்லிக் கிழித்ததை ஷெட்டே நின்று கேட்டது. அந்த சீசனில் எங்கள் பூ நல்ல விலைக்குப் போனது. எப்படி வருகிறது என்று முதலாளி கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. வேறு மெஷின் பிடித்து மறைந்து போகிறான் என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

மார்ச் வந்தது. சொன்ன சொல் ஞாபகம் இருக்குமென்று நான்கூட நம்பினேன், எவ்வளவு பைத்தியக்காரி பாருங்கள். ராமப்பனுடைய நாள் கணக்கு நெருங்கியதும் முதலாளி திம்மராயனைக் கூப்பிட்டார்.

"கொஞ்ச நாளு பிரேக் எடுத்துக்கப்பா. அப்பறம் சூளகிரி கான்ட்ராக்டர் மூலமா வா. தம்பி பேரு ஆயிடுச்சி, மச்சான் கிச்சான் யாருனா இருக்கானா?"

"பர்மனெண்ட்டுன்னு சொன்னீங்களே சார்."

"சொன்னன், இல்லன்னு சொல்லல. அடுத்த சீசன் பாப்போம்."

திம்மராயன் திரும்பி நடந்தான். வந்து உட்கார்ந்து ஹாலந்துக்கு ஒரு மெயில் எழுதினான். நாளை முதல் நான் இங்கே இல்லை, என் பேரில் திறந்ததை மூடிவிடுங்கள் என்று. நான் அவன் கையைப் பிடித்தேன். "அவரு மூஞ்சியில கரியப் பூசறயா?" என்றேன்.

"அதில்லக்கா. நான் போனப்பறம் எவனாச்சும் வந்து மெஷின முடுக்கி உட்டா, அந்த ஆளு யாரக் கேப்பான்? என்னத்தான் கேப்பான். போறப்ப சொல்லிட்டுப் போறன்னு ஒத்துக்கினன், சொல்லிட்டன்" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளே திரையில் 'அனுமதி இல்லை' என்ற பழைய வரி வந்துவிட்டது. முதலாளி பெங்களூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரனைக் கூட்டிவந்தார். அவன் எத்தனையோ மெஷின் வழியாகச் சுற்றிச் சுற்றிப் போய்ப் பார்த்தான். ஹாலந்துக்காரன் இப்போது விழிப்பாக இருந்தான், ஒவ்வொன்றாக அடைத்தான். ஏஜென்ட்டின் ஃபேக்ஸ் மறுபடி வந்தது. மார்க்கெட் டவுனாம். கடைசியில் நான்தான் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். வேண்டுமென்றேதான் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "மறைஞ்சி போயி வாங்கல சார். அவன் பேரச் சொல்லித்தான் வாங்கினான். அவன் பேர்லதான் தொறந்திருந்திச்சி" என்றேன். அவர் தெலுங்கில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்தார். அதற்குப் பிறகு ஜீப்பை எடுக்கச் சொன்னார். என்னையும் ஏறச் சொன்னார்.

ஜூஜுவாடியில் திம்மராயன் வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது அவன் களி உருண்டையைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தான். கை கழுவாமலே எழுந்து வந்தான். செல்லி நிறைமாத வயிற்றோடு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தார்ப்பாய் கட்டுகிற ராமப்பனும் அங்கே இருந்தான்.

"கெளம்பு, வண்டியில ஏறு" என்றார் முதலாளி.

"வர்றன் சார். யாரு பேர்ல வரட்டும்?"

அவன் எகத்தாளமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். அதுதான் முதலாளியைத் தைத்திருக்க வேண்டும். அவர் ராமப்பனைப் பார்த்தார், செல்லியின் வயிற்றைப் பார்த்தார்.

"உன் பேர்லயே வாடா. பர்மனெண்ட்டா வா" என்றார்.

திம்மராயன் ஜீப்பை நோக்கி நடக்கவே தொடங்கிவிட்டான், அசடு. செல்லிதான் நிறுத்தினாள். "இருய்யா. எழுதிக் குடுக்கட்டும்."

ஜீப்பில் இருந்த கம்பெனித் தாளில், பானெட்டின் மேல் வைத்து, முதலாளி தன் கையால் எழுதினார். செல்லி பக்கத்திலேயே போய் நின்றாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் அந்தப் பேர் முடிகிற வரைக்கும் கண் எடுக்கவில்லை. சாட்சிக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டி, கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஆர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். நர்ஸ் வந்து குழந்தையின் தகப்பன் பேர் கேட்டாள். மெதுவாகச் சொன்னால் போதும், அவள் பக்கத்தில்தான் நின்றாள். செல்லி வார்டு முழுக்கக் கேட்கும்படி, "திம்மராயன்" என்றாள்.